ஒரே வீட்டில் இரண்டு நீர்க்கடுப்பு



சென்ற நோன்பு மாதத்துக்குச் சற்று முன்னால் மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. கூடவே மருத்துவமனை பில். பெரியவருக்கு அறுபத்து நான்கு வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகக் குழாயில் கல் அடைத்து, அடைப்புக்கு மேலே சீழ் கட்டி, ஸ்டென்ட் வைத்து அதை வடியவிட்டிருக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் நான்கு நாள். "எப்படி ஆரம்பித்தது?" என்று கேட்டோம். "சாதாரண நீர்க்கடுப்புதான் பாய்" என்றார் மகன்.

பேசப் பேச விவரம் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு வீட்டு மருமகளுக்கு நீர்க்கடுப்பு. டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மீதியை மேசை டிராயரில் போட்டுவிட்டார். பிறகு மாமாவுக்கு அதே எரிச்சல். மாமி அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். குணமில்லை. துபாயில் இருக்கும் இளைய மகன் வாட்ஸ்அப்பில் வேறொரு மாத்திரையின் பெயரை அனுப்ப, மெடிக்கலில் அதையும் வாங்கிப் போட்டார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம்.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. மாமி அக்கறையோடுதான் மாத்திரை கொடுத்தார். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறோம். ஏனென்றால் அந்த டிராயர் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எரிச்சல் ஒன்றாக இருந்தாலும் மருமகளுக்கு வந்த நோயும் மாமாவுக்கு வந்த நோயும் ஒன்றல்ல. கிருமியே வேறு. யாருடைய உடம்பு என்பதைப் பொறுத்து அங்கே குடியேறும் கிருமி மாறுகிறது. கிருமி மாறினால் மருந்தும் மாறுகிறது.

மருமகளுக்கு வந்த கிருமி

நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, "சூடு பிடிச்சிருக்கு" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சிறுநீர்ப்பையில் வரும் பாக்டீரியாத் தொற்று. வெயிலுக்கு இதில் மறைமுகமான பங்குதான்: வியர்த்து, தண்ணீர் குறைந்து, சிறுநீர் கழிப்பது குறையும்போது கிருமிக்கு அவகாசம் கிடைக்கிறது.

அந்தக் கிருமி பெரும்பாலும் நம் குடலிலேயே இருப்பதுதான். பெயர் ஈ.கோலை. 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்து எழுதியது; பின்னால் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தராது. அங்கிருந்து நகர்ந்து சிறுநீர் வழிக்குள் போனால்தான் வம்பு. வேறு நோய் எதுவும் இல்லாத பெண்களுக்கு வரும் நீர்க்கடுப்பில் நான்கில் மூன்று பங்கு இதனால்தான்.

சிறுநீர்தான் கழுவிக்கொண்டு போகிறதே, பிறகு எப்படித் தங்குகிறது? ஈ.கோலையின் உடம்பைச் சுற்றி மயிரிழை போன்ற பிடிப்புகள் இருக்கின்றன. அவற்றின் நுனி சிறுநீர்ப்பைச் சுவரில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையைக் கவ்விக்கொள்ளும். துணியில் ஒட்டும் நாயுருவி முள்ளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஈ.கோலை வகைகளுக்குச் சிறுநீரகத்தைப் பிடிக்கும் வேறொரு பிடிப்பும் உண்டு. அவைதான் மேலே ஏறி முதுகுவலியும் நடுக்கக் காய்ச்சலும் கொண்டுவருகின்றன.

ஆண்களின் சிறுநீர்த் தாரை சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆசனவாயும் பக்கத்தில். வாழ்நாளில் பெண்களில் பாதிப் பேருக்காவது ஒரு தடவை இந்தத் தொற்று வருகிறது. திருமணமான புதிதில் அதிகம் வருவதற்குக் காரணம் தாம்பத்தியத்தின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவது. அந்த வயதுப் பெண்களில் ஒரு சிறு பங்கினருக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் சாப்ரோபைடிகஸ் என்ற வேறொரு கிருமியும் வரும். இதில் அசுத்தமோ ஒழுக்கக் குறைவோ எதுவுமில்லை. மருமகள் மாமியிடம் சொல்ல வெட்கப்பட்டு, கணவர் வெளிநாட்டிலிருந்து போன் செய்யும்வரை காத்திருப்பது நம் ஊரில் நடக்கிறது. மாமிமார்களே முதலில் பேச்சை எடுத்தால் நல்லது.

மாமாவுக்கு வந்த கிருமி

மாமாவின் சிறுநீரை மருத்துவமனையில் கல்ச்சர் செய்தபோது வந்த பெயர் புரோட்டியஸ். இதுவும் குடலில் இருக்கும் கிருமிதான். ஆனால் இதனிடம் ஒரு தனி வேலை இருக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீர் காரத்தன்மை அடையும். அதில் கரைந்திருக்கும் மக்னீசியமும் பாஸ்பேட்டும் படிந்து கல்லாகும். கல்லுக்குள்ளேயே கிருமி உட்கார்ந்துகொள்ளும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. கல்லை எடுக்காதவரை தொற்று திரும்பத் திரும்ப வரும்; தொற்று இருக்கும்வரை கல் வளரும். அடிக்கடி தொற்று வந்து, சிறுநீரில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியும் அடித்தால், ஒரு ஸ்கேன் எடுத்துக் கல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

டிராயரில் இருந்தது நைட்ரோஃபுரான்டாயின் என்ற மாத்திரை. ஈ.கோலைக்கு நல்ல மருந்து. மருமகளுக்கு அது சரியான தேர்வு. புரோட்டியஸை அது இயல்பாகவே ஒன்றும் செய்யாது. அது போதாதென்று, அந்த மருந்து சிறுநீர்ப்பையில் மட்டுமே போதுமான அளவு சேரும்; சிறுநீரகத் திசுவில் சேராது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குப் பலனும் குறைவு. ஆக, ஒரே மாத்திரை ஒரே வீட்டில் ஒருவருக்கு மருந்தானது, இன்னொருவருக்கு இரண்டு வார தாமதமானது.

இதுபோல் இன்னும் உண்டு. பிராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்கும் குழாய் போட்டவர்களுக்கும் என்டரோகாக்கஸ் என்ற கிருமி வரும். மெடிக்கலில் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்கும் செஃபிக்சிம் அதன்மேல் வேலை செய்யாது. மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு வரும் சூடோமோனாஸ் பல ஆண்டிபயாடிக்குகளுக்கு அசையாது. கேண்டிடா என்பது பாக்டீரியாவே அல்ல, பூஞ்சை. ஆண்டிபயாடிக் கொடுத்தால் அது குறைவதற்குப் பதிலாகப் பெருகும்.

யாருக்கு, ஏன்

சர்க்கரை உள்ளவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் இருப்பதால். சர்க்கரை பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் சிறுநீர்ப்பையின் நரம்பு மரத்துப்போகும். நிறைந்தது தெரியாது, போனாலும் முழுவதும் காலியாகாது. மீதி நிற்கும் சிறுநீர் கிருமிக்குக் குட்டை. எதிர்ப்புச் சக்தியும் மந்தம். ஈ.கோலையோடு கிளப்சியெல்லா போன்றவையும் இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. சிலருக்குக் கிருமி சிறுநீரகத்துக்குள் வாயுவையே உண்டாக்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால் சர்க்கரை உள்ளவருக்குக் காய்ச்சலோடு நீர்க்கடுப்பு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் மறைவிடத்தில் பூஞ்சை அரிப்பு வரலாம். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை நன்மை செய்பவை.

கர்ப்பிணிகளின் கதை வேறு. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன் சிறுநீரகக் குழாய்களைத் தளர்த்திவிடும். வளரும் கர்ப்பப்பையும் அவற்றை அழுத்தும். எரிச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது கர்ப்பிணிகளில் நூற்றில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லாத கிருமியைத் தொட வேண்டியதில்லை. கர்ப்பிணிக்குக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் அவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு அது சிறுநீரகத்துக்கு ஏறும்; குறைமாதப் பிரசவத்துக்கும் வழி உண்டு. "எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு யூரின் டெஸ்ட்?" என்று நம் பிள்ளைகள் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

மாதவிடாய் நின்ற உம்மாமார்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அந்த ஹார்மோன் இருக்கும்வரை பிறப்புறுப்பில் நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து காவல் காக்கும். ஹார்மோன் போனால் காவலும் போகும். வருடத்தில் மூன்று நான்கு தடவை தொற்று வருகிறது என்றால் ஆண்டிபயாடிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதைவிட, மறைவிடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பொருந்துமா என்று மகப்பேறு டாக்டரிடம் கேட்பது பலன் தரும்.

கைக்குழந்தைகளிடம் எரிச்சல் என்று சொல்ல வாய் இல்லை. காய்ச்சல், பால் குடிக்காமை, வாந்தி, அவ்வளவுதான் தெரியும். பெண்களுக்குத்தான் இந்த நோய் என்ற நினைப்பும் இங்கே தவறாகிறது: பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்கே அதிகம். சுன்னத் செய்யப்படாத ஆண் குழந்தைக்கு முதல் வருடத்தில் இந்தத் தொற்று வரும் வாய்ப்பு, செய்யப்பட்ட குழந்தையைவிடப் பல மடங்கு. நம்மில் பலர் நான்கைந்து வயதுக்குப் பிறகுதான் சுன்னத் வைக்கிறோம். எனவே "நம்ம பிள்ளைக்கு இது வராது" என்று இருந்துவிட வேண்டாம். சளி இருமல் இல்லாமல் குழந்தைக்குக் காய்ச்சல் நீடித்தால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கவனிக்காமல் விடும் தொற்று சிறு வயதிலேயே சிறுநீரகத்தில் தழும்பை விட்டுச் செல்லக்கூடும்.

சிறுநீர்க் குழாய் போட்டுப் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேர் வீதம் சிறுநீரில் கிருமி சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும். குழாயின் சுவரில் வழவழப்பான படலமாகப் படிந்து, பல கிருமிகள் ஒன்றாக வாழும். ஆகவே குழாய் போட்டவருக்கு ரிப்போர்ட்டில் கிருமி தெரிகிறது என்பதற்காக மட்டும் மருந்து வேண்டியதில்லை. காய்ச்சல், நடுக்கம், திடீர்க் குழப்பம் இருந்தால்தான். "இன்னும் இந்தக் குழாய் தேவையா?" என்று ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் டாக்டரிடம் கேட்பதுதான் பெரிய உதவி. பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வையுங்கள்; தரையில் படக் கூடாது. தொழுகையை நினைத்துக் குழாயை மறுக்கிறவர்களும், குழாயை நினைத்துத் தொழுகையை விடுகிறவர்களும் உண்டு. உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேளுங்கள். இதற்கெல்லாம் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

ஊருக்குள் இருக்கும் கிருமி

நாம் பாதியில் விட்ட மாத்திரையும் தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரையும் நம்மோடு நிற்பதில்லை. 2008-ல் சுவீடனில் ஒரு மருத்துவமனையில், புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய இந்திய வம்சாவளிக்காரர் ஒருவரின் சிறுநீரில் கிளப்சியெல்லா கிருமி கிடைத்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் ஊசிகளையும் அது உடைத்தது. அதற்குக் காரணமான நொதிக்கு என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வில், சென்னையில் சேகரித்த மாதிரிகளில் மட்டும் அதே தன்மையுள்ள 44 கிருமிகள் இருந்தன. பல ஊசிகளுக்கும் அசையாத ஈ.கோலையும் கிளப்சியெல்லாவும் இன்று நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் புதிதல்ல. செஃபிக்சிம் உட்படப் பல ஆண்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. மெடிக்கல் வைத்திருக்கும் நம் சகோதரர்கள் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை: தெரிந்தவர் என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தண்ணீரைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தினம் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த பெண்களைத் தினமும் இன்னொரு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு வந்த தொற்று, மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2018-ல் வெளியானது. செலவில்லாத வைத்தியம். பார்லித் தண்ணீர், இளநீர், சீரகத் தண்ணீர் எல்லாம் குடிக்கலாம். நீராக உதவும், கிருமியைக் கொல்லாது. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் குடிக்காததற்கு நம் பெண்களிடம் இருக்கும் காரணம் கழிப்பறை. கல்யாண மண்டபம், பேருந்துப் பயணம், பள்ளிக்கூடம், எங்கேயும் போக முடியாது என்று காலையிலிருந்தே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். மண்டபம் கட்டுகிறவர்களும் பள்ளி நிர்வாகிகளும் இதை ஒரு நோய்க்காரணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஒளு முறிந்துவிடுமே என்று அஸரிலிருந்து மஃக்ரிப் வரை அடக்கிவைப்பது. மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதை ஹதீஸிலேயே தடுத்திருக்கிறார்கள். திரும்ப ஒளு செய்ய ஐந்து நிமிடம்.

சுத்தம் செய்வது முன்னிருந்து பின்னாக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு உம்மாமார்கள் சிறு வயதிலேயே பழக்க வேண்டியது இது. டெட்டால், வாசனைத் திரவங்கள் போட்டுக் கழுவுவது நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கும். வெறும் தண்ணீர் போதும்.

நோன்பு வைப்பதால் ஆரோக்கியமானவர்களுக்கு இந்த நோய் வரும் என்று நாம் சொல்லவில்லை. இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை பிரித்துப் பிரித்துக் குடித்தால் போதும். ஸஹரில் ஒரே மூச்சில் குடிப்பதில் பெரும்பகுதி சீக்கிரமே வெளியே போய்விடும். கல், கட்டுப்படாத சர்க்கரை, அடிக்கடி தொற்று உள்ளவர்கள் நோன்புக்கு முந்தியே டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு தொற்று இருக்கும்போது மூன்று வேளை மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் நீங்களாக ஒதுக்கிக்கொள்ள வேண்டாம். நோயாளி பிறகு களா செய்துகொள்ளலாம் என்ற சலுகையைக் குர்ஆனே தந்திருக்கிறது.

கல்ச்சர் கொடுக்கும் முறை

இளம் பெண்ணுக்கு முதல் தடவை வரும் சாதாரண நீர்க்கடுப்புக்கு டாக்டர் கல்ச்சர் இல்லாமலே மருந்து தரலாம், தவறில்லை. ஆண்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை, கல், குழாய் உள்ளவர்கள், காய்ச்சல் வந்தவர்கள், மறுபடி மறுபடி வருகிறவர்கள், இவர்கள் எல்லாருக்கும் கல்ச்சர் வேண்டும். முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே கிருமி வளராமல் போகலாம்.

லேபில் தரும் மூடிய பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டிலிருந்து கழுவிய ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவருவது உதவாது. தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். குழாய் போட்டவருக்குப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. நர்ஸ் எடுத்துத் தருவார். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் உத்தேசமாக ஒரு மருந்து தருவார். ரிப்போர்ட் பார்த்து மாற்றுவார். அதனால் ரிப்போர்ட்டை வாங்கிக் காட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் இருக்கும். ஒரு மில்லி லிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் உண்மையான தொற்று. கீழே மருந்துகளின் வரிசை. பக்கத்தில் எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. எஸ் போட்ட மருந்தைப் பார்த்து நீங்களே மெடிக்கலில் வாங்க வேண்டாம். வயது, சிறுநீரகச் செயல்பாடு, கர்ப்பம் எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் அதில் ஒன்றை எடுப்பார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். வெளியில் செய்துகொள்ள வசதியில்லாதவர்கள் டாக்டர் எழுதிய சீட்டோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். பெண்கள் எங்கள் பெண் உறுப்பினர்களிடம் பேசலாம். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவாருங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.